சர்தார் தாவூத் கான்: அண்டை வீட்டுச் சண்டையும் வல்லரசின் ஆயுதமும்

1947 செப்டம்பர் 30. புதிதாகப் பிறந்த பாகிஸ்தானை ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ப்பதற்கான வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அந்த வாக்கைப் போட்டது பாகிஸ்தானோடு மிக நீண்ட மலை எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் முஸ்லிம் நாடான ஆப்கானிஸ்தான். மூன்று வாரங்கள் கழித்து, அக்டோபர் 20 அன்று, காபூல் அந்த வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கசப்பு இன்றுவரை தீரவில்லை.

அந்த நேரத்தில் காபூலில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவருக்கு வயது 38. பெயர் சர்தார் முஹம்மது தாவூத் கான். பின்னாளில் பிரதமராகப் பத்தாண்டுகள், ஜனாதிபதியாக ஐந்தாண்டுகள் ஆப்கானிஸ்தானை ஆண்டவர். ஆப்கான் என்றதும் நம்மில் பலருக்கு 1979 சோவியத் படையெடுப்பும் அதன்பின் முஜாஹிதீன்களும்தான் நினைவுக்கு வரும். அந்தப் படை வந்து இறங்கிய விமானதளமும், கடந்து வந்த சுரங்கப்பாதையும் யார் காலத்தில், எதற்காகத் திட்டமிடப்பட்டன என்று பார்த்தால் கதை தாவூத் கானிடம் போய் நிற்கும்.

அரச குடும்பத்தில் ஒரு முரட்டு இளவரசர்

தாவூத் 1909 ஜூலையில் காபூலில் பிறந்தார். தந்தை முஹம்மது அஸீஸ் கான், மன்னர் நாதிர் ஷாவின் சகோதரர். பிரான்சில் படித்துவிட்டு நாடு திரும்பிய இளைஞருக்கு 1933ஆம் ஆண்டு இரண்டு மரணங்களைக் கொண்டு வந்தது. ஜெர்மனியில் தூதராக இருந்த தந்தையை ஜூன் மாதம் பெர்லினில் ஓர் ஆப்கான் மாணவர் சுட்டுக் கொன்றார். நவம்பரில் காபூலில் மாணவர்களுக்குப் பரிசு வழங்கும் விழாவில் மன்னர் நாதிர் ஷாவும் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னரின் மகன் ஸாஹிர் ஷா 19 வயதில் அரியணை ஏறினார். தாவூத் அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். அடுத்த ஆண்டே மன்னரின் சகோதரியைத் திருமணம் செய்து மைத்துனரும் ஆனார்.

பெயருக்கு மன்னர் ஸாஹிர் ஷாவாக இருந்தாலும் அடுத்த இருபது ஆண்டுகள் ஆட்சி நடத்தியவர்கள் அவருடைய சிறிய தந்தைகள்தாம். தாவூத் அவர்களிடம் அரசியல் பயின்றார். கந்தஹாரிலும் கிழக்கு மாகாணத்திலும் ஆளுநர், காபூல் மத்தியப் படையின் தளபதி, பாதுகாப்பு அமைச்சர், பிரான்சுக்கான தூதர், உள்துறை அமைச்சர் எனப் படிப்படியாக ஏறி, 1953 செப்டம்பரில் பிரதமர் ஆனார். கடும் உழைப்பாளி. லஞ்சம் வாங்கினார் என்று அவருடைய எதிரிகள்கூடச் சொல்லவில்லை. மாற்றுக் கருத்தை மட்டும் அவரால் சகிக்க முடியாது. பத்திரிகையோ பாராளுமன்றமோ உலமாக்களோ, எதிர்த்துப் பேசியவர்களுக்குச் சிறைதான் பதில்.

அவரை ஆட்டிப்படைத்த விஷயம் ஒன்று உண்டு. அதுதான் டியூராண்ட் எல்லைக்கோடு. 1893இல் ஆங்கிலேய அதிகாரி மார்டிமர் டியூராண்ட், அமீர் அப்துர் ரஹ்மானுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். நம் ஊர்களில் பட்டாணியர் என்று சொல்கிறோமே, அந்தப் பஷ்தூன் மக்களின் நிலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அமீருக்குக் கொடுத்துவந்த ஆண்டு மானியம் 12 லட்சம் ரூபாயிலிருந்து 18 லட்சமாக உயர்ந்தது. ஒரே கோத்திரத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம் என்றானது. ஆங்கிலேயன் வெளியேறும்போது, 1947 ஜூலையில் வடமேற்கு எல்லை மாகாணத்தில் வாக்கெடுப்பு நடத்தினான். இந்தியாவா பாகிஸ்தானா என்ற இரண்டே கேள்விகள்தான். தனி நாடு என்றோ ஆப்கானுடன் இணைவது என்றோ தேர்வு இல்லை. எல்லை காந்தி எனப்படும் கான் அப்துல் கஃபார் கானும் அவர் தொண்டர்களும் அதைப் புறக்கணித்தார்கள். பாகிஸ்தான் வென்றது. காபூல் அதை ஏற்கவில்லை. பஷ்தூன்களுக்கு 'பஷ்தூனிஸ்தான்' வேண்டும் என்ற கோரிக்கையை அது கையில் எடுத்தது. 1949இல் பாகிஸ்தான் விமானம் ஒன்று எல்லையோர ஆப்கான் கிராமத்தில் குண்டு வீசியபோது பகை இன்னும் முற்றியது. அந்த ஆண்டே ஆங்கிலேயரோடு செய்த எல்லை ஒப்பந்தங்கள் எதுவும் செல்லாது என்று ஆப்கானிஸ்தான் அறிவித்தது.

இதில் ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருந்தது என்று சொல்ல முடியாது. காலனியவாதி பென்சிலால் கிழித்த கோடு அநியாயம் என்பது உண்மை. பிறந்து சில வாரங்களே ஆன, அகதிகளும் பட்டினியுமாகத் தத்தளித்த ஒரு நாட்டின் மேற்குப் பகுதியையே பக்கத்து நாடு கேட்டால் அது பதறும் என்பதும் உண்மை. அல்லாஹ்வை ஏற்று ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் இரண்டு அண்டை நாடுகள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய வழக்கு அது.

வாஷிங்டன் மூடிய கதவு, மாஸ்கோ திறந்த கதவு

தாவூத் பிரதமரானபோது ஆப்கான் இராணுவத்திடம் இருந்தவை பழைய துப்பாக்கிகளும் பழுதான விமானங்களும். அவர் முதலில் போய்க் கேட்டது அமெரிக்காவிடம் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. முன்பிருந்தே காபூல் கேட்டுக்கொண்டிருந்த ஆயுத உதவியை அவர் மீண்டும் வலியுறுத்தினார். ஆனால் வாஷிங்டனின் கணக்கு வேறு. சோவியத் யூனியனைச் சுற்றி இராணுவக் கூட்டணிகளால் வேலி கட்டிக்கொண்டிருந்தது அது. அந்த வேலிக்குப் பாகிஸ்தான் தேவைப்பட்டது. வடக்கே சோவியத்துடன் நேரடி எல்லை கொண்ட, பாதுகாக்கக் கடினமான ஆப்கானிஸ்தான் தேவைப்படவில்லை. 1954 மே மாதம் பாகிஸ்தானுடன் இராணுவ உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு தென்கிழக்கு ஆசியக் கூட்டணியிலும், அடுத்த ஆண்டு பாக்தாத் ஒப்பந்தத்திலும் பாகிஸ்தான் சேர்ந்தது. 1954 இறுதியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் காபூலின் வேண்டுகோளை மறுத்தார். ஆயுதம் கேட்பதை விட்டுவிட்டுப் பாகிஸ்தானுடன் தகராறை முடித்துக்கொள்ளும்படி அறிவுரையும் சேர்ந்து வந்தது.

காபூலிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரிந்திருக்கும்? பகையாளியின் கையில் நவீன ஆயுதம். தனக்கு வெறும் உபதேசம்.

1955 மார்ச்சில் பாகிஸ்தான் தன் மேற்கு மாகாணங்கள் அனைத்தையும் ஒரே அலகாக இணைப்பதாக அறிவித்தது. பஷ்தூன் பகுதியின் தனி அடையாளம் இதோடு போயிற்று என்று தாவூத் வானொலியில் கொதித்தார். அடுத்து காபூலில் ஒரு கும்பல் பாகிஸ்தான் தூதரகத்துக்குள் புகுந்து கொடியைக் கிழித்தது. பதிலுக்குப் பெஷாவரில் ஆப்கான் துணைத் தூதரகம் தாக்கப்பட்டது. பாகிஸ்தான் எல்லையை மூடியது. கடல் இல்லாத நாடு ஆப்கானிஸ்தான்; அதன் இறக்குமதிகள் கராச்சித் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சவூதி, எகிப்து உள்ளிட்ட முஸ்லிம் நாடுகள் சமரசத்துக்கு முயன்றன. ஆனால் மாதக்கணக்கில் எண்ணெயும் சிமெண்டும் துணியும் வராமல் காபூல் திணறியபோது, வடக்கே ஒரு கதவு திறந்தது. தன் நிலம் வழியாகச் சரக்குகளைக் கொண்டு செல்லச் சோவியத் யூனியன் அந்த ஜூன் மாதமே ஒப்பந்தம் போட்டது.

நவம்பரில் தாவூத் லோயா ஜிர்கா எனும் பெருஞ்சபையைக் கூட்டினார். எங்கிருந்து கிடைத்தாலும் ஆயுதம் வாங்கலாம் என்று அது அனுமதி தந்தது. டிசம்பரில் குருஷ்சேவும் புல்கானினும் காபூலுக்கே வந்து இறங்கினார்கள். 10 கோடி டாலர் கடன் அறிவித்தார்கள். பஷ்தூனிஸ்தான் கோரிக்கைக்கு ஆதரவும் தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஆயுத ஒப்பந்தம். டாங்கிகள், மிக் போர் விமானங்கள், அவற்றை ஓட்டப் பயிற்சியாளர்கள் என வரிசையாக வந்தார்கள். காபூலுக்கு வடக்கே பக்ராம் விமானதளம் சோவியத் உதவியால் விரிவாக்கப்பட்டது. இந்துகுஷ் மலையைக் குடைந்து, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஸலாங் சுரங்கப்பாதை தோண்டப்பட்டது. சோவியத் எல்லையிலிருந்து காபூலுக்கு மலையைச் சுற்றாமல் நேரே வர வழி கிடைத்தது.

தாவூத் கம்யூனிஸ்ட் ஆகிவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவையும் அவர் விடவில்லை. தெற்கே ஹெல்மண்ட் பள்ளத்தாக்கில் அணையும் கால்வாயும் அமெரிக்கர் கட்டினார்கள். கந்தஹார் விமான நிலையமும் காபூல்-கந்தஹார் சாலையும் அவர்கள் உபயம். 1959 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் வந்து இறங்கியது, சோவியத்துகள் விரிவாக்கிக்கொண்டிருந்த அதே பக்ராம் தளத்தில்தான். அமெரிக்க சிகரெட்டை ரஷ்யத் தீக்குச்சியால் பற்றவைப்பது தாவூதுக்குப் பிடித்தமான காரியம் என்று அந்நாளில் ஒரு பேச்சு உலவியது. இரண்டு யானைகளுக்கும் இடையில் நின்று இருவரிடமும் காரியம் சாதிக்கலாம் என்பது அவர் கணக்கு. சாலை, அணை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியாகவே வந்தது.

இராணுவத்தில்தான் கணக்கு தப்பியது. அணையைக் கட்டிக் கொடுத்தவன் போன பிறகும் தண்ணீர் ஓடும். ஆனால் மிக் விமானத்துக்கு உதிரிப்பாகம் அதே கடையில்தான் வாங்க வேண்டும். ஓட்டக் கற்க அங்கேதான் போக வேண்டும். அடுத்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஆப்கான் இளம் அதிகாரிகள் சோவியத் யூனியனுக்குப் போய்ப் படித்துத் திரும்பினார்கள். அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர்கள் சில நூறு பேர்தான். போனவர்களில் பலர் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். திரும்பி வரும்போது டாங்கி ஓட்டுவதோடு வேறு சில பாடங்களும் படித்து வந்தார்கள். அரச குடும்பம், நிலவுடைமை, மார்க்கம் எல்லாமே பின்தங்கிய சமூகத்தின் அடையாளங்கள் என்ற பாடம் அது.

எதிர்ப்பக்கத்தில் பாகிஸ்தானுக்கும் அமெரிக்க நட்பு இலவசமாக வரவில்லை. 1960 மே 1 அன்று சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானம் புறப்பட்டது பெஷாவரிலிருந்து. யாருக்காகவோ பறந்த விமானத்துக்காக மாஸ்கோவின் மிரட்டல் பெஷாவர் மக்கள் தலையில் விழுந்தது. 1965இல் இந்தியாவுடன் போர் மூண்டபோது அதே அமெரிக்கா ஆயுத விநியோகத்தை நிறுத்தியும் விட்டது.

திராட்சை அழுகிய ஆண்டு

ஆயுதம் வந்ததும் தாவூதின் துணிச்சல் கூடியது. 1960 செப்டம்பரில் ஆப்கான் படையினர் பழங்குடியினர் வேடத்தில் எல்லை தாண்டிப் பஜௌருக்குள் நுழைந்தார்கள். அடுத்த ஆண்டும் முயன்றார்கள். இரண்டு முறையும் அடி வாங்கித் திரும்பினார்கள். அதிலும் வேதனை என்னவென்றால், யாருடைய விடுதலைக்காகப் போனதாகச் சொன்னார்களோ அந்தப் பஷ்தூன் கோத்திரத்தாரே அவர்களை எதிர்த்து நின்றார்கள். பாகிஸ்தானில் அயூப் கான் ஆட்சி. அவரும் பஷ்தூன் பகுதியைச் சேர்ந்தவர், அவரும் விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை. 1961 ஆகஸ்டில் பாகிஸ்தான் துணைத் தூதரகங்களை மூடச் சொன்னது. செப்டம்பரில் உறவு முறிந்தது, எல்லை மூடியது.

அது அறுவடைக் காலம். கந்தஹாரின் மாதுளையும் காபூல் சமவெளியின் திராட்சையும் லாரிகளில் ஏறிப் பெஷாவர் வழியாக இந்தியச் சந்தைக்கு வரவேண்டிய நேரம். வழி இல்லாமல் பழங்கள் தேங்கின. சோவியத் யூனியன் அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி விமானம் அனுப்பியது. மீதியில் ஒரு பகுதியை ஆப்கான் விமானங்கள் இந்தியாவுக்குக் கொண்டு சென்றன. குளிர்காலத்தில் சிந்துச் சமவெளியிலும் கோடையில் ஆப்கான் மலையிலுமாக ஆட்டு மந்தைகளோடு தலைமுறை தலைமுறையாக நடந்த நாடோடி மக்களிடம் பாகிஸ்தான் கடவுச்சீட்டு கேட்டது. சுங்க வருமானம் சரிந்தது, விலைவாசி ஏறியது. அமெரிக்க உதவிப் பொருட்களும் பாகிஸ்தானில் முடங்கிக் கிடந்தன. கென்னடி அனுப்பிய சமரசத் தூதர் வெறுங்கையோடு திரும்பினார்.

பஷ்தூன்களின் உரிமைக்காகத் தொடங்கியதாகச் சொன்ன பகையில் நடுத்தெருவில் நின்றது பஷ்தூன் விவசாயியும் பஷ்தூன் இடையனும்தான். இலாபம் மாஸ்கோவுக்கு. தெற்கு வாசல் மூட மூட, வடக்கு வாசலைத் தவிர வேறு வழி இல்லாத நிலைக்குக் காபூல் தள்ளப்பட்டுக்கொண்டே போனது. ஒரு வல்லரசு செய்ய வேண்டியது இதில் அதிகம் இல்லை. அண்டை வீட்டார் சண்டை ஓயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உள்நாட்டிலும் தாவூத் தன் வழியில்தான் போனார். 1959 ஆகஸ்டில் சுதந்திர விழாவில் அரச குடும்பத்துப் பெண்களையும் அமைச்சர்களின் மனைவியரையும் முகத்திரை இல்லாமல் மேடையில் அமர வைத்தார். மறுத்துப் பேச வந்த உலமாக்களில் பலர் சிறைக்குப் போனார்கள். மார்க்கத் தீர்ப்பு எதுவானாலும், ஒரு சமூகத்தின் நடைமுறையை மேலிருந்து உத்தரவு போட்டு மாற்றியதில் ஒரு வடு தங்கியது.

1963 மார்ச்சில் மன்னர் ஸாஹிர் ஷா முதல்முறையாகத் துணிந்தார். தாவூத் பதவி விலகினார். இரண்டே மாதங்களில், ஈரான் மன்னரின் சமரசத்தில், பாகிஸ்தானுடன் உறவு மீண்டது, எல்லை திறந்தது. ஒரு தனி மனிதரின் பிடிவாதம் அந்தப் பகையில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 1964இல் வந்த புதிய அரசியல் சட்டம் அரச குடும்பத்தார் அமைச்சர் பதவி வகிக்கத் தடை விதித்தது. தாவூத் வீட்டுக்குள் முடங்கினார்.

அவர் வெளியே இல்லாத அந்தப் பத்தாண்டில் காபூலில் இரண்டு இளைஞர் அணிகள் வளர்ந்தன. 1965 ஜனவரியில் தராக்கியின் வீட்டில் கம்யூனிஸ்டுகள் மக்கள் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். அது கல்க், பர்ச்சம் என இரண்டாக உடைந்து சண்டையிட்டுக்கொண்டது. மறுபுறம் காபூல் பல்கலைக்கழகத்தின் ஷரீஆ துறையில் பேராசிரியர் நியாஸியையும் புர்ஹானுத்தீன் ரப்பானியையும் சுற்றி இஸ்லாமிய எழுச்சி இளைஞர்கள் திரண்டார்கள். 1971-72இல் கொடும் வறட்சி. பல்லாயிரம் பேர் பட்டினியில் மடிந்தார்கள். அரசு கைகட்டி நின்றது.

1973 ஜூலை 17. மன்னர் இத்தாலியில் இருந்தார். 64 வயதை நெருங்கிய தாவூத், அதிகாரிகள் சிலரின் துணையோடு ஒரே இரவில் ஆட்சியைப் பிடித்தார். அதிகம் இரத்தம் சிந்தவில்லை. மன்னராட்சி ஒழிந்தது, குடியரசு பிறந்தது என்று காலையில் வானொலியில் அறிவித்தார். ஜனாதிபதி, பிரதமர், பாதுகாப்பு, வெளியுறவு எல்லாம் அவரே. அவருக்காக டாங்கி ஓட்டியவர்களும் விமானதளத்தைப் பிடித்துக் கொடுத்தவர்களும் அவருடைய ஆட்சியிலேயே சோவியத்துக்குப் போய்ப் படிக்கத் தொடங்கிய தலைமுறையினர். அவர்களில் அஸ்லம் வதன்ஜார், அப்துல் காதிர் என்ற இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வீட்டில் மற்றவர் எதிரி

வந்ததும் பழைய வழக்கைத் தூசு தட்டினார் தாவூத். பாகிஸ்தானில் அப்போது சுல்ஃபிகார் அலி பூட்டோ. பலூசிஸ்தானில் மாகாண அரசைக் கலைத்துவிட்டு இராணுவத்தை இறக்கியிருந்தார். தப்பி வந்த பலூச் போராளிகளுக்குக் கந்தஹார் பக்கம் முகாம் கொடுத்தது காபூல். பெஷாவரின் பஷ்தூன் தலைவர்களில் ஒருவரான அஜ்மல் கட்டக்கும் காபூலில் அடைக்கலமானார். ஈரான் மன்னர் தன் பக்கத்துப் பலூச் மக்களும் கிளர்ந்துவிடுவார்களோ என்று அஞ்சி, அமெரிக்கா தந்த ஹெலிகாப்டர்களைப் பாகிஸ்தானுக்கு அனுப்பினார்.

பூட்டோவும் சும்மா இருக்கவில்லை. 1974இல் தாவூத், பேராசிரியர் நியாஸி உள்ளிட்ட இஸ்லாமிய இயக்கத்தவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தபோது, ரப்பானி, ஹிக்மத்யார், அஹ்மத் ஷா மஸ்ஊத் போன்றவர்கள் எல்லை தாண்டிப் பெஷாவருக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கிடைத்தன. 1975 ஜூலையில் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் அவர்கள் நடத்திய எழுச்சி சில நாட்களில் அடக்கப்பட்டது. ஆனால் பெஷாவரில் அன்று போடப்பட்ட அந்தச் சிறிய அடித்தளத்தின் மேல்தான் 1980களின் ஜிஹாத் முகாம்கள் எழுந்தன. அமெரிக்கப் பணம் அந்த வழியாகப் பாய்வதற்கு ஆண்டுகள் முன்பே வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியது இரண்டு முஸ்லிம் நாடுகளின் பரஸ்பரப் பழிவாங்கல்.

பஞ்ச்ஷீருக்குப் பிறகு தாவூதிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. முதுமை காரணமா, அனுபவம் காரணமா, அல்லாஹ்வே அறிவான். தன்னோடு வந்த இடதுசாரி அமைச்சர்களை ஒவ்வொருவராக வெளியேற்றினார். அதிகாரிகளைப் பயிற்சிக்கு இந்தியாவுக்கும் எகிப்துக்கும் அனுப்பத் தொடங்கினார். ஈரான் மன்னர் 200 கோடி டாலர் உதவி தருவதாகச் சொன்னார். வந்து சேர்ந்தது அதில் மிகச் சொற்பம். 1976 ஜூனில் பூட்டோ காபூலுக்கு வந்தார், ஆகஸ்டில் தாவூத் பாகிஸ்தானுக்குப் போனார். பூட்டோவைக் கவிழ்த்து வந்த ஜியாவுல் ஹக்குடனும் பேச்சு தொடர்ந்தது. 1978 மார்ச்சில் தாவூத் இஸ்லாமாபாத்தில் இருந்தபோது, முப்பதாண்டுப் பகை முடியப்போகிறது என்றே இரு தரப்பிலும் பலர் நம்பினார்கள்.

அதற்கு ஓராண்டுக்கு முன், 1977 ஏப்ரலில், மாஸ்கோவில் நடந்ததை அந்த அறையில் உடன் இருந்த ஆப்கான் வெளியுறவு அதிகாரி பின்னாளில் எழுதியிருக்கிறார். சோவியத் தலைவர் பிரஷ்னேவ், வடக்கு ஆப்கானிஸ்தானில் மேற்கத்திய நாடுகளின் நிபுணர்கள் பெருகுவதைக் குறிப்பிட்டு, அவர்களை வெளியேற்றும்படி கேட்டார். அறை அமைதியானது. தாவூத் முகம் இறுகியது. யாரை வேலைக்கு வைப்பது என்பது தங்கள் நாட்டின் விவகாரம், வெளியார் கட்டளை தேவையில்லை, வறுமையில் இருந்தாலும் சுதந்திரமாகவே இருப்போம் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு எழுந்து வாசலை நோக்கி நடந்தார். பிரஷ்னேவ் சிரமப்பட்டு எழுந்து பின்தொடர்ந்து கைகுலுக்க வேண்டியதாயிற்று. ஆப்கானியர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் காட்சி இது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னவரின் விமானப்படை, டாங்கிப்படை இரண்டுக்கும் உதிரிப்பாகம் அந்த வாசலுக்கு உள்ளேதான் இருந்தது.

அந்த ஜூலையிலேயே கல்க்கும் பர்ச்சமும் மீண்டும் இணைந்தன. தாவூதோ ஒரே கட்சி ஆட்சிக்கு அரசியல் சட்டம் எழுதிக்கொண்டு, தன்னைத் தாங்கக்கூடிய எல்லாத் தூண்களையும் விலக்கிவிட்டிருந்தார். அரச குடும்பம் கசந்திருந்தது. இஸ்லாமிய இயக்கம் சிறையிலும் பெஷாவரிலும் இருந்தது. உலமாக்கள் ஒதுங்கியிருந்தார்கள். இடதுசாரிகள் பகையாகியிருந்தார்கள். மிஞ்சியது இராணுவம்.

1978 ஏப்ரல் 17 அன்று பர்ச்சம் தலைவர்களில் ஒருவரான மீர் அக்பர் கைபர் சுட்டுக் கொல்லப்பட்டார். யார் கொன்றது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டத்தைப் பார்த்துத் தாவூத் கட்சித் தலைவர்களைக் கைது செய்ய உத்தரவிட்டார். ஹபீபுல்லாஹ் அமீன் மட்டும் சில மணி நேரம் வீட்டுக் காவலில் விடப்பட்டார். இராணுவத்திலிருந்த தன் ஆட்களுக்குத் தகவல் அனுப்ப அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 27, வியாழக்கிழமை. தாவூத் அரண்மனையில் அமைச்சரவையைக் கூட்டியிருந்தார். நண்பகலில் டாங்கிகள் நகருக்குள் வந்தன. முன்னால் வந்தவர் வதன்ஜார். மாலையில் பக்ராமிலிருந்து எழுந்த போர் விமானங்கள் அரண்மனை மீது குண்டு வீசின. அவற்றை ஏவியவர் அப்துல் காதிர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாவூதுக்கு ஆட்சியைப் பிடித்துக் கொடுத்த அதே இருவர். விமானங்களும் டாங்கிகளும் 1956 முதல் பாகிஸ்தானிடமிருந்து நாட்டைக் காக்கவென்று அவர் வாங்கிக் குவித்த சோவியத் ஆயுதங்கள். மாஸ்கோ நேரடியாக உத்தரவிட்டது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உத்தரவு தேவைப்படவும் இல்லை.

காவல்படை இரவு முழுதும் போராடியது. வெள்ளிக்கிழமை அதிகாலையில் சரணடையச் சொன்னவர்களை நோக்கித் தாவூத் துப்பாக்கியை நீட்டினார் என்று சொல்லப்படுகிறது. அவரும், சகோதரர் நயீமும், மனைவி மக்களும், பேரக் குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்களை இரவோடு இரவாக எடுத்துச் சென்று ஊருக்கு வெளியே குழியில் போட்டு மூடினார்கள். குளிப்பாட்டலும் இல்லை, கஃபனும் இல்லை, ஜனாஸாத் தொழுகையும் இல்லை.

அடுத்த ஆண்டு டிசம்பரில் சோவியத் படை வந்தது. விமானங்கள் பக்ராமில் இறங்கின. தரைப்படை ஸலாங் சுரங்கம் வழியாகக் காபூலுக்கு வந்தது. அமெரிக்காவும் சவூதியும் பாகிஸ்தான் வழியாக ஆயுதத்தையும் பணத்தையும் கொட்டின. பத்தாண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர்கள் உயிரிழந்தார்கள். ஐம்பது லட்சம் பேர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளானார்கள். பெஷாவர் கடைவீதியில் கலாஷ்னிகோவ் துப்பாக்கி காய்கறி போல விலைபோனது. பக்ராமின் உரிமையாளர் பிறகு மாறினார்: 2001 முதல் 2021 வரை அது அமெரிக்கத் தளம். டியூராண்ட் கோட்டைத் தாவூதும் ஏற்கவில்லை, அவரைக் கொன்ற கம்யூனிஸ்டுகளும் ஏற்கவில்லை, இன்றைய தாலிபான்களும் ஏற்கவில்லை. பாகிஸ்தான் அதன் மேல் முள்வேலி போட்டிருக்கிறது. துப்பாக்கிச் சத்தமும் அவ்வப்போது கேட்கிறது.

2008 ஜூன் மாதம் காபூல் புறநகரில் புலே சர்கி சிறைப் பகுதியில் இரண்டு குழிகள் தோண்டப்பட்டன. ஒன்றில் 16 பேர், மற்றொன்றில் 12 பேர். முப்பது ஆண்டுகள் மண்ணில் கிடந்த எலும்புகளில் எது தாவூத் கானுடையது என்று கண்டுபிடிக்க இரண்டு தடயங்கள் உதவின. ஒன்று அவருடைய பல் அச்சு. மற்றது, உடலருகே கிடந்த தங்க நிறச் சிறிய குர்ஆன். சவூதி மன்னர் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. 2009 மார்ச் 17 அன்று அவருக்கும் குடும்பத்தாருக்கும் அரசு மரியாதையுடன் நல்லடக்கம் நடந்தது.